சுவிஸ் பாட்டிகள் ஜெயித்த வழக்கு

[திரையில்: ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்ற வாசல், 2024 ஏப்ரல் 9]

வெயில் கொளுத்துகிறது என்று அரசாங்கத்தின் மேல் கேஸ் போட முடியுமா? சுவிட்சர்லாந்தில் பாட்டிகள் சங்கம் ஒன்று போட்டது. உறுப்பினர்கள் 2,000 பேருக்கு மேல், சராசரி வயது 73. வெப்ப அலை வந்தால் எங்கள் வயதுப் பெண்கள்தான் அதிகம் சாகிறோம், கார்பனைக் குறைக்க நீங்கள் செய்வது போதாது என்பதுதான் புகார்.

உள்ளூரில் ஒவ்வொரு படியாக ஏறினார்கள். 2020-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மற்றவர்களைவிட உங்களுக்கு அப்படி என்ன பெரிய பாதிப்பு, இன்னும் காலம் இருக்கிறதே என்கிற மாதிரி தள்ளிவிட்டது. எழுபது தாண்டியவர்களிடம் காலம் இருக்கிறது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்!

அப்புறம்தான் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். இங்கே ஒரு சிக்கல், அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வைத்திருக்கும், 1950-ல் எழுதிய ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் சுற்றுச்சூழல் உரிமை என்று எதுவும் கிடையாது. இருப்பது எட்டாவது பிரிவு, தனி வாழ்க்கையையும் குடும்பத்தையும் வீட்டையும் மதிக்க வேண்டும் என்பது. பருவநிலை மாற்றம் உயிரையும் உடல்நலத்தையும் கெடுக்காமல் காப்பதும் அதில் அடக்கம் என்று 17 நீதிபதிகளில் 16 பேர் சொன்னார்கள். சுவிஸ் மாட்டிக்கொண்டது ஒரு கணக்கில்: இனி மொத்தம் எவ்வளவு கார்பன் வெளியேற்றலாம் என்று அது வரையறுக்கவே இல்லை. கையிருப்பு எவ்வளவு என்று பார்க்காமலே செலவைக் குறைக்கிறேன் என்பதுபோல. உள்ளூர் நீதிமன்றங்கள் புகாரைச் சரியாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதில் 17 பேருக்கும் ஒரே கருத்து.

ஆனால் ஜெயித்தது சங்கம் மட்டும்தான். கூடவே தனித்தனியாக வழக்காடிய நான்கு பெண்களின் மனு ஏற்கப்படவில்லை. பருவநிலை எல்லோரையும் தொடுகிறது, தனி ஆளை உள்ளே விட்டால் ஊரே வரிசையில் நிற்கும் என்ற பயம், அதனால் தனிநபருக்கு வாசற்படியை ரொம்பவே உயர்த்திவிட்டார்கள். அதே நாளில், போர்ச்சுகல் மேலும் வேறு பல நாடுகள் மேலும் இதேபோல் கேஸ் போட்ட போர்ச்சுகல் இளைஞர்கள் ஆறு பேரின் மனுவும் தள்ளுபடி ஆனது. சொந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போகாமல் நேரே வந்தது ஒரு காரணம், அந்த மற்ற நாடுகளின் அதிகார வரம்புக்குள் அவர்கள் வரவில்லை என்பது இன்னொன்று.

சரி, பாட்டிகளுக்குக் கிடைத்தது? வழக்குச் செலவுக்கு 80,000 யூரோ. எப்படிச் சரிசெய்வது என்பதை நீதிமன்றம் சுவிஸ் அரசிடமே விட்டது. இரண்டே மாதத்தில் அந்நாட்டு நாடாளுமன்றம், நாங்கள் செய்ததே போதும் என்று தீர்மானம் போட்டது. தீர்ப்பு அமலாவதைக் கவனிக்கும் ஐரோப்பிய அமைச்சர்கள் குழு அதற்குப் பிறகும் கோப்பை மூடவில்லை. அந்தக் கார்பன் கணக்கு எங்கே என்று கேட்டது.