அம்பயர் பேர்ல ஒரு எழுத்து காணோம்! எங்கே போச்சு?

கிரிக்கெட்ல விரலைத் தூக்குற அம்பயர், 600 வருஷத்துக்கு முன்னாடி 'நௌம்பெர்'!

பழைய பிரெஞ்சுல 'நோன்'னா 'இல்லை'ன்னு அர்த்தம், 'பெர்'னா 'இணை'. 'நோன்பெர்'னா ஜோடி சேராதவர், எந்தப் பக்கமும் சாயாத மூணாவது ஆள். எவ்வளவு பொருத்தமான பேர்! இங்கிலாந்துல அது 'நௌம்பெர்' ஆச்சு.

ஆங்கிலக் கவிஞர் லாங்லண்ட் 14ஆம் நூற்றாண்டுல எழுதின 'பியர்ஸ் ப்ளவ்மன்' கவிதையில இந்த 'நௌம்பெர்' வர்ற இடம் அட்டகாசம். மைதானம் இல்லீங்க, மதுக்கடை! செருப்புத் தைக்கிறவரோட மேலங்கிக்கும் குதிரைலாயக்காரரோட தலைமூடிக்கும் பண்டமாற்று. எதுக்கு மதிப்பு அதிகம்னு தகராறு. கயிறு திரிக்கிற ராபினை 'நௌம்பெர்' ஆக்குறாங்க. பேரம் முடிஞ்சப்புறம் யார் முதல்ல வருத்தப்படுறாங்களோ அவங்க ஒரு கேலன் பீர் வாங்கித் தரணும். அம்பயர் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்ற டிஆர்எஸ் எல்லாம் கிடையாது!

சரி, 'ந' எப்படிப் போச்சு? ஆங்கிலத்துல மெய்யெழுத்துக்கு முன்னாடி 'அ', உயிரெழுத்துக்கு முன்னாடி 'அன்'. 'அ நௌம்பெர்', 'அன் ஔம்பெர்' ரெண்டையும் வேகமா சொல்லிப் பாருங்க. காதுக்கு ஒரே சத்தம். ஸ்பெல்லிங் நிலைக்காத காலம்கிறதால, 15ஆம் நூற்றாண்டுலயே 'ந' கழண்டுடுச்சு.

ஏப்ரனும் அப்படித்தான், முன்னாடி 'நேப்ரன்'. நாப்கின் அதோட சொந்தக்காரச் சொல், அதுல 'ந' பத்திரமா இருக்கு. கண்டுபிடிக்கிற வழியே இதுதான்: சொந்தக்காரச் சொல்லைத் தேடுங்க.

ஆனா ஆரஞ்சுல நிறைய பேர் சறுக்குறாங்க. 'அ நாரஞ்ச்' இங்கிலாந்துல 'அன் ஆரஞ்ச்' ஆச்சுன்னு பரப்புறாங்க. தப்பு! சமஸ்கிருதத்துல 'நாரங்க', பாரசீகத்துல 'நாரங்க்', அரபியில 'நாரஞ்ஜ்', ஸ்பானிஷ்ல இன்னைக்கும் 'நராங்ஹா'. இத்தாலியன்லயும் பிரெஞ்சுலயும்தான் 'ந' விழுந்தது. ஆங்கிலம் பிரெஞ்சுகிட்ட வாங்கும்போதே அது இல்லை. சமஸ்கிருதச் சொல்லுக்கே மூலம் திராவிடமா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. நம்ம நாரத்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, அந்தக் குடும்பம்தான்!

தலைகீழாவும் நடக்கும். 'ஈக்'னா கூடுதல். 'அன் ஈக்நேம்', கூடுதல் பேர், 'அ நிக்நேம்' ஆயிடுச்சு.

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி. பல்லி மாதிரி இருக்கிற 'நியூட்'டுக்குப் பழைய ஆங்கிலத்துல 'எஃபெட்டா'ன்னு பேர். இதுல 'ந' போச்சா, வந்துச்சா? கமெண்ட்ல போடுங்க, அப்படியே சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க!