இன்ஃப்ளுயன்சா ஆட்டு மூக்கு இல்லை!

வணக்கம் மக்களே. குரல் இன்னும் கரகரவென்றுதான் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘இன்ஃப்ளுயன்சா ஏ’ என்று வந்து ஒன்பது நாள் படுக்கை. போன வாரம் வீடியோ வராததற்கு அதுதான் காரணம். ஆனால் இன்று பேசப்போவது காய்ச்சலைப் பற்றி இல்லை, அந்தச் சொல்லைப் பற்றி.

நான் போர்த்திக்கொண்டு கிடந்தபோது குடும்ப குரூப்பில் சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டார். இன்ஃப்ளுயன்சா அரபிச் சொல்லாம். ‘அன்ஃப்’ என்றால் மூக்கு, ‘அன்ஸா’ என்றால் ஆடு. ஆட்டு மூக்கு மாதிரி ஒழுகுவதால் அந்தப் பெயராம். அந்த இரண்டு சொல்லுக்கும் பொருள் சரிதான். ஆனால் ஓசை ஒத்துப்போனால் உடனே கதை கட்டுவது எனக்கு ஆகவே ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும்.

டாக்டர் வெளியே போகலாம் என்ற அன்றைக்கே பாரதி சாலை பழைய புத்தகக் கடைக்குப் போனேன். ஒரு இத்தாலிய அகராதி. 600 ரூபாய் என்றார். நான் 300 என்றேன். 450க்கு இறங்கினார். நான் பேசாமல் நடையைக் கட்டினேன். நாலு எட்டு வைப்பதற்குள் “வாம்மா, 350 கொடு” என்று கூப்பிட்டுவிட்டார்! அட்டை கிழிசல், கடைசியில் சில பக்கங்களைக் காணோம். பரவாயில்லை, நமக்கு வேண்டியது ‘ஐ’ பக்கம்தானே.

இதோ, கிட்டே காட்டுகிறேன். ‘இன்ஃப்ளுயன்சா’வுக்கு நேராக இரண்டு பொருள். முதல் பொருள் செல்வாக்கு, தாக்கம். இரண்டாவதுதான் காய்ச்சல். தமிழிலும் ‘தாக்கம்’ இரண்டுக்கும் வரும் இல்லையா? இதைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

லத்தீனில் ‘உள்ளே பாய்வது’ என்ற வினையிலிருந்து வந்தது இது. நட்சத்திரங்களிலிருந்து ஏதோ ஒன்று பாய்ந்து வந்து மனிதர்களை ஆட்டிவைக்கிறது என்று அந்தக் காலத்து ஐரோப்பாவில் நம்பினார்கள். ஊரே ஒரே நேரத்தில் படுத்தால் கிரகத்தின் வேலை. குளிரைக் காரணம் காட்டி ‘இன்ஃப்ளுயன்சா டி ஃப்ரெத்தோ’, அதாவது குளிரின் தாக்கம், என்றும் சொல்லியிருக்கிறார்கள். 1743இல் இத்தாலியில் கிளம்பிய கொள்ளைநோய் ஐரோப்பா முழுக்கப் பரவியபோதுதான் ஆங்கிலம் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. இன்ஃப்ளுயன்ஸ், இன்ஃப்ளுயன்சர் எல்லாம் இதே வேர்தான்.

‘ஃப்ளூ’ என்பது முன்னும் பின்னும் நறுக்கி நடுத்துண்டை மட்டும் வைத்துக்கொண்ட சொல். ரெஃப்ரிஜரேட்டர் ஃப்ரிட்ஜ் ஆனதும் அப்படித்தான்.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்தது பிரெஞ்சுக்காரர்களின் பெயர். ‘கிரிப்’. இறுகப் பிடிப்பது என்ற வினையோடு சேர்ந்த சொல். ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும்கூட அதுதான் புழக்கம். நாமும் ‘சளி பிடித்திருக்கிறது’ என்றுதானே சொல்கிறோம்!

ஐயோ, ஒன்று விட்டுப்போயிற்று. அக்கா குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தேன். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் ‘ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே’ என்ற கிருமிக்கும் தடுப்பு இருக்கிறது. அது ஃப்ளூ ஊசி இல்லை! 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, ஃப்ளூவுக்குக் காரணம் இந்த பாக்டீரியாதான் என்று அறிவித்தார். 1933இல் லண்டனில் ஃபெரட் என்ற கீரி மாதிரி விலங்குக்கு நோயை ஏற்றிப் பார்த்து, உண்மையான காரணம் ஒரு வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவின் பெயரில் இருக்கும் ‘இன்ஃப்ளுயன்சே’வை மட்டும் யாரும் மாற்றவில்லை. இது எனக்கு எரிச்சலோ எரிச்சல். எத்தனை அம்மாக்கள் குழப்பிக்கொள்வார்கள்!

இன்னொன்று. இரண்டு தும்மல் போட்டாலே ‘எனக்கு ஃப்ளூ’ என்காதீர்கள். அது வெறும் ஜலதோஷம். ஃப்ளூ வந்தால் காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போலக் கிடப்பார். நான் கிடந்தேன்.

சரி, இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, முதல் பொருளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். நீல டிக் வந்துவிட்டது.