மதுரையில் இருந்துகொண்டு ஸ்கூபாவா? பயந்தவர்களுக்கான வீடியோ

வணக்கம் மக்களே. தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுகிறேன், பின்னால் தெரிவது மைய மண்டபம். பஸ் ஹார்ன் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் முங்குவது, அதைக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேசச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறீர்கள். எனக்குத் தண்ணீர் பயமா என்றால், ஆமாம், பயம்தான். இப்போதும் போகவில்லை. தைரியசாலிகள் எல்லாம் இந்த வீடியோவைத் தள்ளிவிட்டுப் போகலாம், இது மற்றவர்களுக்கு.

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். தென்னந்தோப்புக்குள் பம்புசெட் கிணறு இருக்கும். அண்ணன்மார் மோட்டார் ரூம் மேலே ஏறிக் குதிப்பார்கள். முங்கி, அடியில் கிடக்கிற மண்ணை ஒரு கை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்ட வேண்டும், அதுதான் போட்டி. நான் மேலே உட்கார்ந்து துணிமணிக்குக் காவல். அப்படிப்பட்ட நான் ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளத்தில் பெரியவளான பிறகு நீச்சல் பழகி, அப்புறம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஸ்கூபா கற்கப் போனேன். துணைக்குப் பெரியப்பா மகன், கிணற்றிலேயே வளர்ந்தவர், அவரும் சேர்ந்துகொண்டார். என்ன வேடிக்கை என்றால், என்னைவிட அவர்தான் அதிகம் திணறினார்.

காரணம் இருக்கிறது. கிணற்றில் முங்குகிறவருக்கு உடம்பில் ஊறிப்போன ஒரே பாடம், தலை உள்ளே போனதும் மூச்சை அடக்கு. ஸ்கூபாவில் முதல் விதி, எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்காதே. ஏன் என்று கேளுங்கள். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த ஆழத்தில் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றைத் தர நாம் வாயில் கவ்வுகிற கருவி, நமக்குத் தருகிற காற்றும் அதே அழுத்தத்தில்தான் வரும். அதை நுரையீரல் நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடம் இல்லை, கிழிந்துவிடும். ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில்கூட இது நடக்கலாம். கிணற்றில் முங்குகிறவருக்கு இந்த ஆபத்து கிடையாது. அவர் மேலே இழுத்த காற்றோடு இறங்கி, அதே காற்றோடு திரும்புகிறார். முத்துக்குளித்தவர்கள், சங்கு எடுக்கிறவர்கள், பாம்பன் பக்கம் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்க முங்குகிற அக்காமார் எல்லோருமே மூச்சடக்குகிறவர்கள்தான். அவர்கள் வித்தை வேறு, இது வேறு. அடக்கும் பழக்கமே இல்லாத என்னை மாதிரி ஆட்களுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை, அது ஒரு வசதி.

முதல் பாடம் பாக் நீரிணைப் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில். அங்கே மீனவர்கள் அதைப் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும், பெண் கடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் அப்படியே தலைகீழ்.

கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கைப் பற்றி ஒன்று. அண்ணனுக்கு நல்ல மீசை. மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது, மீசை முடி நடுவில் புகுந்தால் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவுக்காவது மழித்துக்கொள்ளுங்கள் என்றார் மாஸ்டர். மதுரைக்காரரிடம் சொல்லும் பேச்சா இது? கசிந்தாலும் பரவாயில்லை என்று இறங்கி, நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால் கோடு போட்டிருந்தது. பெண்களுக்கு மீசைக்குப் பதில் நெற்றி முடி. ஒரே ஒரு முடி விளிம்புக்குள் சிக்கினாலும் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

பயந்தவர்களுக்கு உண்மையான பரீட்சை மாஸ்க்கில் தண்ணீர் நிரப்புவதுதான். மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறோம், தலைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர். மாஸ்க்கின் மேல் விளிம்பை லேசாக இழுத்து முழுக்கத் தண்ணீரை விட வேண்டும். உப்புத் தண்ணீர் மூக்கு வரை ஏறுகிறது, கண் எரிகிறது. வாயில் காற்று தாராளமாக வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் மூக்கு நனைந்தவுடன் தொண்டை தானாக இறுகும். எழுந்து ஓடு என்று கால் சொல்லும். அப்போது மாஸ்டர் என் தோள் பட்டையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தன் வாய்க்கு முன்னால் வைத்து மெதுவாக வெளியே நீட்டிக் காட்டினார். மூச்சை வெளியே விடு என்று அர்த்தம். விட்டேன், குமிழி போகிற சத்தம் காதுக்குள் கேட்டது. ஒன்று, இன்னொன்று. தொண்டை இளகியது. அப்புறம் மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, மூக்கு வழியாக ஊதினால் தண்ணீர் கீழ்ப்பக்கமாக வெளியேறிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

பயத்தில் நாம் இழுப்பதும் விடுவதும் குட்டிக்குட்டியாக இருக்கும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துவிடும். அது சேரச் சேரக் காற்று போதவில்லை என்று மூளை கத்தும், நாம் இன்னும் வேகமாக இழுப்போம். இதை உடைக்க ஒரே வழி, நீளமாக வெளியே விடுவது. உள்ளே இழுப்பது தானாக நடந்துவிடும். வீட்டிலேயே பழகலாம். வாளி நிறையத் தண்ணீர், வாயில் ஸ்நார்க்கல் என்கிற மூச்சுக் குழாய், மாஸ்க் போடாமல் முகத்தை உள்ளே வைத்து வாயால் மட்டும் மூச்சு. பக்கத்தில் யாராவது இருக்கட்டும். எங்கள் அம்மா, "வாளிக்குள்ள என்னத்தடி தேடுற?" என்று கேட்டார்.

அடுத்தது காது. இறங்க ஆரம்பித்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு லேசாக ஊத வேண்டும். நடுக்காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் இருக்கிற குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். வலி வந்த பிறகு ஊதக் கூடாது, வலிக்கு முன்பே ஊத வேண்டும். மீட்டருக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்கவில்லையா, கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயற்சி செய்யுங்கள். முக்கி ஊதினால் காது கெட்டுவிடும். சளி பிடித்திருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். மாத்திரை போட்டுவிட்டு இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடியில் இருக்கும்போது மாத்திரை வேகம் குறைந்தால், மேலே வரும்போது காது அடைத்துக்கொண்டு காற்று வெளியேற வழியில்லாமல் போகும். ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம், அண்மையில் ஆபரேஷன், எதுவானாலும் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். அந்தப் படிவமே தராமல் தண்ணீருக்குக் கூட்டிப்போகிற இடமாக இருந்தால் வண்டியைத் திருப்பிவிடலாம்.

கட்டைவிரலைத் தூக்கினால் நம் ஊரில் சூப்பர். தண்ணீருக்குள் அதற்கு மேலே போகலாம் என்று அர்த்தம், மாஸ்டர் உடனே கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும்.

முதுகில் இருக்கிறதை எல்லோரும் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள். உள்ளே இருப்பது நாம் இப்போது இழுக்கிற இதே சாதாரணக் காற்று, வடிகட்டி அழுத்தி அடைத்தது. பார் என்பது அழுத்தத்தின் அளவு, நம்மைச் சுற்றி இருக்கிற காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,400 லிட்டர் காற்று. 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்கு வேகத்தில் தீரும். பயந்தவருக்கு இன்னும் சீக்கிரம் தீரும், நான்தான் சாட்சி, மிச்சக் காற்றைக் காட்டுகிற மீட்டரில் அண்ணன் முள்ளைவிட என் முள் எப்போதும் முன்னால் இறங்கியது. 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். வரும்போது அவசரம் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று, அப்புறம் மெதுவாக.

முழுப் படிப்பு முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம். சும்மா ஒருமுறை பார்த்துவிட்டு வருகிற பயணம் என்றால் அதிகபட்சம் 12 மீட்டர், மாஸ்டர் கூடவே இருப்பார். பயந்தவர்களுக்கு நான் முழுப் படிப்பைத்தான் சொல்வேன். ஒருமுறை பார்க்கிற பயணத்தில் எல்லாவற்றையும் அவர் செய்துவிடுவார், நம் பயம் அப்படியே பத்திரமாக வீடு திரும்பும். இன்னொன்று, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து தூத்துக்குடி வரை இருக்கிற 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. கூட்டிப்போகிறவர் எங்கே இறக்குகிறார் என்று முன்பே கேளுங்கள். கடல் அட்டையைக் கையில் எடுத்துப் போட்டோ பிடிக்க வேண்டாம், அது சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர்.

கடைசியாக, நம் மதுரைக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது. நாம் டூர் போடுகிற விதமே ராமேஸ்வரம் ஒரு நாள், அடுத்த நாள் கொடைக்கானல். அடியில் இருக்கும்போது உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் அது குமிழியாக வெளியே வந்து மூட்டுவலியில் ஆரம்பித்து நரம்பு வரை போகலாம். உயரம் ஏறினாலும் அழுத்தம் குறையும். அதனால் விமானத்துக்கு, ஒரே ஒரு டைவ், அதாவது ஒரு முங்கல் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். விமானத்துக்கு உள்ள எச்சரிக்கை மலைக்கும் உண்டு. மதுரை 100 மீட்டர் சொச்சம்தான், வீடு திரும்பப் பயமில்லை. மலைக்கும் போக வேண்டுமென்றால் முதலில் கொடைக்கானல், அப்புறம் கடல். ரூம் போடுவதற்கு முன்பே வரிசையை மாற்றிவிடுங்கள்.

பேட்டரி சிவப்பைக் காட்டுகிறது மக்களே. பார்க்கலாம், வரட்டுமா.