தோட்டத்து ஏரியின் கரை கசிகிறது, என்ன செய்யலாம்?

சரி, அடுத்த கேள்வி ஒரத்தநாடு பக்கத்திலிருந்து. அன்பர் எழுதியிருப்பது இது: "ஐயா, எங்கள் தென்னந்தோப்பின் தாழ்வான பக்கத்தில் எட்டடி உயரத்துக்கு மண்கரை போட்டு, மூன்று ஏக்கரில் ஒரு ஏரி அமைத்திருக்கிறோம். பாசனத்துக்கு இல்லை. குடும்பத்தோடு வந்து தங்க, மீன் பிடிக்க, படகு விட. மேலே உள்ள இருபது ஏக்கர் மேட்டுத் தண்ணீர் இதில்தான் வந்து சேரும். மிச்சத் தண்ணீர் போக கரைக்குள் ஆறு அங்குலக் குழாய் பதித்து, மீன் தப்பாமல் இருக்க வலை கட்டியிருக்கிறோம். குழாய்க்குப் பக்கத்தில் வெளிக்கரை எப்போதும் ஈரமாக இருக்கிறது. சிமெண்ட் பூசிவிடலாமா?"

பூசாதீர்கள். வெளியே வருகிற தண்ணீரை வெளிப்பக்கத்தில் அடைத்தால் அது கரைக்குள்ளேயே தேங்கும். கரை ஊறிப்போய் வேறு இடத்தில் சரியும். முதலில் வருகிற தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். அடியில் மண் படியவில்லை, கசிவின் அளவும் கூடவில்லை என்றால் உடனடி ஆபத்து இல்லை. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கலங்கலாக வந்தால் கரையின் உள்மண்ணை தண்ணீர் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அப்படி அரித்து உண்டாகிற ஓட்டை வெளியிலிருந்து உள்நோக்கி நீண்டு ஏரியைத் தொட்டுவிட்டால், அப்புறம் சில மணி நேரத்தில் கரை போய்விடும்.

குழாயை ஒட்டிக் கசிவது ஆச்சரியம் இல்லை. குழாயின் அடிவளைவில் மண்ணை இடித்து இறுக்குகிற திமிசுக்கட்டை எட்டாது, மண் இறுகாமல் நின்றுவிடும். தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. இப்போதைக்கு ஈரமான இடத்தின் மேல் ஆற்று மணல், அதன் மேல் சின்ன ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி என்று அடுக்குங்கள். தண்ணீர் வெளியே வரும், மண் வராது. கோடையில் ஏரித் தண்ணீரை இறக்கிவிட்டு, குழாயைத் தோண்டி எடுத்து, களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். இறக்கும்போது ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல் வேண்டாம். வேகமாக இறக்கினால் ஊறியிருக்கிற உள்கரை சரிந்துவிடும். ஆனால் கலங்கல் தண்ணீர் கூடிக்கொண்டே வந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். கீழே இருக்கிறவர்களை அப்புறப்படுத்திவிட்டு, முடிந்த வேகத்தில் இறக்குங்கள்.

உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த ஈரத்தைவிட அந்த வலைதான் அதிகக் கவலையாக இருக்கிறது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உங்களுக்கு அதில் பாதிக்கும் குறைவாக, 20 சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். இருபது ஏக்கரில் விழுவது சுமார் 1.6 கோடி லிட்டர். பாதி மண்ணுக்குள் போய்விட்டாலும், மீதியும் ஏரியின் மேலேயே பெய்ததும் சேர்ந்து தண்ணீர் மட்டத்தை ஏறக்குறைய மூன்று அடி உயர்த்தும். ஆறு அங்குலக் குழாய் ஒரு நாள் முழுக்க அடைப்பில்லாமல் ஓடினாலும் அதில் கால்வாசியை வெளியேற்றினாலே அதிகம். வலையில் தென்னஞ்சருகும் ஆகாயத்தாமரையும் வந்து அடைத்தால் அதுவும் போகாது. தண்ணீர் கரை மேல் வழியும். மண்கரை எதைத் தாங்கினாலும் தன் தலைமேல் ஓடுகிற தண்ணீரைத் தாங்காது.

இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவில், பென்சில்வேனியாவில், சவுத் ஃபோர்க் அணை என்று ஒரு மண் அணை. பணக்காரர்களின் மீன்பிடி சங்கம் ஒன்று பொழுதுபோக்குக்காக வைத்திருந்த ஏரி அது. வண்டி போக வசதியாகக் கரையின் உயரத்தைக் குறைத்தார்கள். மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில், அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற வாயில், தடுப்பு வைத்தார்கள். அடிமட்டத்தில் தண்ணீர் இறக்குகிற குழாய்களை முன்பே யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள், இவர்கள் திரும்பப் போடவில்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் குப்பை வந்து தடுப்பை அடைத்தது, கரை மேல் தண்ணீர் வழிந்தது, அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் ஊரிலும் சுற்றிலும் 2,209 பேர் இறந்தார்கள். உங்கள் ஏரி அதற்கு முன்னால் மிகச் சிறியதுதான். ஆனால் கரைக்குக் கீழே நாலு குடிசை இருந்தாலும் அந்த நாலு குடும்பத்துக்கு அதுதான் பெரிய அணை.

அதனால் ஐப்பசி மழைக்கு முன் ஒரு கலிங்கு வெட்டுங்கள். போட்ட மண்ணில் இல்லை, கரை முடிகிற ஓரத்தில், இயற்கையான கெட்டித் தரையில். உங்கள் அளவுக்குப் பத்து முதல் பதினைந்து அடி அகலம் இருக்கலாம், ஒரு பொறியாளரை நேரில் அழைத்து மட்டம் பார்த்து முடிவு செய்யுங்கள். அதன் வாசலில் எந்த வலையும் வேண்டாம், மீன் போனால் போகட்டும். அந்தத் தண்ணீர் பக்கத்து வயலை அரிக்காமல் வடிகாலில் சேர வேண்டும்.

கரை மேல் தென்னை வைக்காதீர்கள். 2018 கஜா புயலில் எத்தனை தென்னை வேரோடு சாய்ந்தது என்று உங்கள் பகுதிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரையில் ஒரு மரம் அப்படிச் சாய்ந்தால் வேரோடு கரை மண்ணும் பெயர்ந்து வரும். அருகம்புல் போதும். எலி வளை, நண்டு வளை இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை நடந்து பாருங்கள். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவற்றுக்கும்தான். அந்தச் சட்டப்படி உங்கள் கரையைச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள், நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

படகு விடலாம், உயிர்காப்பு உடை இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். கலிங்கு ஓடுகிற நாட்களில் படகைக் கரையில் ஏற்றிக் கட்டிவிடுங்கள்.