தட்டில் இல்லாதது

அனைவருக்கும் வணக்கம்.

உணவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும், மேடையேறும் முன்பே மூன்று பேர் வந்து கேட்டுவிட்டார்கள். சர்க்கரை நோய் இருக்கிறது, பழம் சாப்பிடலாமா என்றார் ஒருவர். எண்ணெயை அறவே நிறுத்திவிடலாமா என்றார் இன்னொருவர். முட்டையின் மஞ்சள் கருவை எடுத்துப் போட்டுவிட வேண்டுமா என்றார் மூன்றாமவர். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கவனித்துப் பாருங்கள், மூன்றும் ஒரே கேள்விதான்: எதைச் சாப்பிடக் கூடாது? உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். "என் சாப்பாட்டில் என்ன குறைகிறது?" என்று தானாகக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

யாரும் கேட்காத அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு.

உடம்புக்குள் ஏதோ புகுந்து நோய் வருகிறது என்றால் சட்டென்று புரிகிறது. கிருமி புகுந்தது, விஷம் புகுந்தது, கெட்டுப்போனதைத் தின்றுவிட்டான். ஆனால் இல்லாத ஒன்று நோயைத் தரும் என்றால் மனம் ஏற்க மறுக்கிறது. இல்லாததை எப்படிப் பார்ப்பது? மருத்துவ உலகத்துக்கே இது விளங்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1747இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் மாலுமிகளுக்கு ஸ்கர்வி கண்டிருந்தது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், என்றோ ஆறிய புண் மறுபடி திறந்துகொள்ளும். கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒரு ஜோடிக்குக் காடி, இப்படி. ஒரு ஜோடிக்கு மட்டும் தினம் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். ஆறு நாளில் பழம் தீர்ந்துபோனது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார்; மற்றவர் மீதி நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டார். இவ்வளவு தெளிவான சான்று கிடைத்தும், பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறைப்படி வழங்கத் தொடங்கியது 1795இல்தான். இடையில் போன உயிர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. லிண்டே பழத்தை ஒரு மருந்தாகத்தான் பார்த்தார். பழம் கிடைக்காததே நோய் என்று அவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கதை ஜாவா தீவில் நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1880களில் அங்கே பெரிபெரி என்ற நோய் பரவலாக இருந்தது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு இதயமே நின்றுவிடும். கிருமிகளைக் கண்டுபிடித்துக் கொண்டிருந்த காலம் அது. இதற்கும் ஒரு கிருமி இருக்கும் என்று தேடப் போனவர்களில் ஒருவர் கிறிஸ்தியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர். கோழிகளுக்கு ஊசி போட்டுச் சோதித்தார். ஊசி போட்ட கோழிகள் தள்ளாடின. சரி, கிருமி தொற்றிவிட்டது என்று பார்த்தால், ஊசி போடாத கோழிகளும் தள்ளாடின. சில மாதம் கழித்து எல்லாக் கோழிகளும் தாமாகவே நிமிர்ந்து நடந்தன. காரணம் பிடிபடவில்லை. விசாரித்தபோது சமையலறையில் விஷயம் இருந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத்தான் இடையில் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்தின் சோற்றை ராணுவத்தைச் சேராத கோழிக்குத் தர மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். பழையபடி தவிடு நீக்காத அரிசி வந்தது, கோழிகள் பிழைத்துக்கொண்டன.

இப்போது ஐக்மன் என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்றார். விடை கைக்குள் வந்துவிட்டது. ஆனாலும் "எது புகுந்தது?" என்ற பழைய கேள்வி அவரை விடவில்லை. அவருக்குப் பின் அந்தப் பணியை எடுத்துக்கொண்ட கெரிட் கிரைன்ஸ்தான் 1901இல், நஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை, தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று கிடைக்காமல் போவதுதான் நோய் என்றார். 1912இல் காசிமிர் ஃபங்க் இப்படிப்பட்ட பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயர் வைத்தார். கோழிகளைத் தள்ளாட வைத்தது தயமின் என்ற வைட்டமின் பி1 இல்லாமை.

இந்தத் தயமின் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்த்தால் ஊட்டச்சத்தின் அடிப்படை முழுவதும் விளங்கிவிடும். மாவுச்சத்து விறகு மாதிரி. ஒரு கிராமுக்கு 4 கலோரி தருகிறது. புரதமும் அதே 4. கொழுப்பு 9. ஆனால் விறகை அடுக்கி வைத்தால் மட்டும் அடுப்பு எரியாது, நெருப்பு வேண்டும். தயமின், மற்ற பி வைட்டமின்கள், இரும்பு, மெக்னீசியம் எல்லாம் சேர்ந்துதான் அந்த விறகை எரிய வைக்கின்றன. இவை தினம் மில்லிகிராம் கணக்கில், சில மைக்ரோகிராம் கணக்கில்தான் தேவை. அயோடினை எடுத்துக்கொள்ளுங்கள்: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். 70 ஆண்டுக்கும் கூட்டிப் பார்த்தால் நான்கு கிராம்கூட வராது. ஒரு சிறு கரண்டியில் அடங்கும் அந்தப் பொருள் கர்ப்ப காலத்தில் தாய்க்குக் கிடைக்காவிட்டால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது.

ஆகவே, கலோரி எண்ணுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். 2,000 கலோரி சாப்பிட்டுவிட்டும் ஒருவர் பட்டினியாக இருக்க முடியும். வயிற்றுக்குப் பசி தெரியும். ரத்தத்துக்கும் எலும்புக்கும் நரம்புக்கும் பசித்தால் வயிறு சொல்லாது. அதனால்தான் இதை மறைபசி என்கிறோம். உடல் எடை கூடியவருக்கும் இது வரும். அப்படிப்பட்டவருக்கு ரத்தசோகை என்று சொன்னால், "இந்த உடம்புக்கா?" என்று வீட்டார் நம்பவே மாட்டார்கள்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். முப்பத்தைந்து வயதிருக்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்னும் ஆசை அடக்க முடியவில்லை என்றார். இறைச்சியை விட்டாயிற்று, முட்டையை விட்டாயிற்று, எண்ணெயையும் விட்டாயிற்று.

"எல்லாக் கெட்டதையும் நிறுத்திட்டேன் மேடம், ஆனாலும் தெம்பே இல்லை" என்றார்.

"சாப்பிட்டதும் டீ குடிப்பீங்களாம்மா?"

"அது இல்லாம எப்படி? மூணு வேளையும் குடிப்பேன்."

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8-க்குச் சற்று மேல். கர்ப்பமில்லாத பெண்களுக்கு அது 12-க்குக் கீழே போகக் கூடாது. ஐஸ் தின்னும் ஆசையே இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக வருவதுண்டு. அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. இவர் ஒருவரல்ல. உலகில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதவிடாயில் ஒவ்வொரு மாதமும் இரும்பு வெளியேறுகிறது. அதை ஈடுகட்ட வேண்டும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரும், மிச்சத்தைச் சாப்பிடுகிறவரும் பெரும்பாலும் அவர்தான் என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது.

இரும்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதியைக் குடல் எளிதாக எடுத்துக்கொள்கிறது. கீரை, பயறு, தானியத்தில் உள்ள இரும்பு அப்படியல்ல; துணை வேண்டும். வைட்டமின் சி உள்ள பழமோ எலுமிச்சைச் சாறோ அதே வேளையில் சேர்ந்தால் உறிஞ்சுவது கூடுகிறது. டீயும் காபியும் சேர்ந்தால் குறைகிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், போதும். அந்தப் பெண்ணுக்கு மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் செய்ததெல்லாம் டீயைத் தள்ளி வைத்ததும், விட்ட உணவுகளைத் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்ததும்தான்.

புரதத்துக்கு வருகிறேன். புரதத்தைக் கட்டும் துண்டுகளான 20 அமினோ அமிலங்களில் 9 உணவிலிருந்தே வந்தாக வேண்டும். உடம்பால் செய்துகொள்ள முடியாது. ஓர் எழுத்து இல்லாவிட்டால் அந்த எழுத்துள்ள சொல்லை எழுத முடியாதல்லவா? புரதமும் அப்படித்தான். தானியத்தில் லைசின் என்ற எழுத்து குறைவு, பயறில் அது நிறைய. பயறில் மெத்தியோனின் குறைவு, தானியத்தில் அது போதிய அளவு. இரண்டும் சேர்ந்தால் சொல் முழுமையாகிறது. பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது கணக்கு. 60 கிலோ எடைக்கு 50 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். நீங்களே கூட்டிப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கு முதலில் கூட்டுங்கள். பல் போனதும் கஞ்சியும் ரொட்டியுமாகச் சாப்பாடு சுருங்கிவிடுகிறது, தசை கரைகிறது, நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. அதை முதுமை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பாதி முதுமை, பாதி புரதக் குறைவு.

இப்போது அந்த மூன்று கேள்விகள். எண்ணெயை அறவே நிறுத்தாதீர்கள். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில்தான் கரைகின்றன. கொழுப்பே இல்லாத உணவில் அவை சரியாக உடம்பில் சேராது. அளவைக் குறையுங்கள், அறவே விட வேண்டாம். மஞ்சள் கருவில்தான் முட்டையின் வைட்டமின் ஏ-யும் டி-யும் இருக்கின்றன. ஆரோக்கியமாக இருப்பவர் நாளுக்கு ஒரு முழு முட்டை சாப்பிடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பழம்: சர்க்கரை நோயாளிகள் அளவாக முழுப் பழம் சாப்பிடலாம், சாறாகப் பிழிந்து குடிக்க வேண்டாம். நார்ச்சத்து கூடவே இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் மெல்லச் சேரும். அந்த நாரைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு, குடல் செல்களுக்கே உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. ஒரு நாளைக்கு 25 கிராம் நார். காய், பழம் சேர்ந்து 400 கிராம்.

மிகுதியால் வரும் கேட்டை நான் மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் அதிலும் பாதி. இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் அதிகம் பேசவில்லை.

குறைவு என்று சொன்னதும் சிலர் மருந்துக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே ஓர் எச்சரிக்கை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு, காய்கறியில் உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் இருக்கிறது, அதை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று எண்ணினார்கள். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. காய்கறி என்பது பீட்டா கரோட்டின் மட்டுமல்ல.

மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. பிள்ளை பெற நினைக்கும் பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் கருத்தரிக்கும் முன்பிருந்தே அவசியம். கருவின் முதுகுத் தண்டு உருவாகும் குழாய் கருத்தரித்த 28 நாளில் மூடிக்கொள்கிறது. அப்போது பலருக்குக் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. விலங்கு வழி உணவை முற்றிலும் தவிர்ப்பவர்களுக்கு பி12 வேண்டும். கல்லீரலில் அதன் சேமிப்பு சில ஆண்டுகளுக்கு வரும் என்பதால், நிறுத்திய உடனே எதுவும் தெரியாது. பிறகு பாதம் மரத்துப்போகும், நினைவு மங்கும். நீண்ட நாள் விட்டுவிட்டால் நரம்பு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். பரிசோதித்து, மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

நுழைவாயிலில் உங்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் பத்து வரி இருக்கிறது: தானியமும் கிழங்கும், பயறு, கொட்டைகளும் விதைகளும், பால் பொருள்கள், இறைச்சியும் மீனும், முட்டை, கரும்பச்சைக் கீரை, ஆரஞ்சு நிறக் காய்களும் பழங்களும், மற்றக் காய், மற்றப் பழம். பெண்களின் உணவில் எத்தனை வகை இருக்கிறது என்று பார்க்க உலகெங்கும் பயன்படுத்தும் பட்டியல் இது. ஒரு நாளில் ஐந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்தப் பெண் முதல் நாள் என் எதிரே உட்கார்ந்து எழுதியபோது மூன்று வந்தது. நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று நினைத்துப் பார்த்து, உள்ளவற்றுக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். ஐந்து நிமிடம் தருகிறேன். கோடு விழாத வரிகளிலிருந்து கேள்வி நேரத்தைத் தொடங்கலாம்.