கிட்டார் வாங்க ஆசைப்பட்ட கதை

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். ராக் பாடகனின் மனசை நமக்குக் காட்டியது பெரிய மைதானமா, தொலைக்காட்சியின் சின்ன மேடையா? சின்ன மேடைதான்.

1993 நவம்பர் 18, நியூயார்க். எம்டிவி இசைச் சேனலின் அன்பிளக்ட், அதாவது மின்சார இசைக்கருவி இல்லாமல் பாடும் நிகழ்ச்சி. அதில் நிர்வானா என்ற ராக் குழு பாடுகிறது, பாடகர் கர்ட் கோபைன். இதைப் பற்றி எதிரணி நண்பர் என்ன சொல்லிக் கைதட்டல் வாங்கினார்? "அன்பிளக்ட் என்று பெயர், ஆனால் கர்ட் கோபைன் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகியிருந்தார், அது தெரியாமலிருக்கப் பெட்டி செய்து மறைத்தார்கள்" என்றார். சரி, மறைத்தார்கள். ஒயரைத் தேடுவது எலக்ட்ரீஷியன் வேலை ஐயா, நாம் பாட்டுக் கேட்க வந்தவர்கள்! அந்த மனிதர் தன் மனசை மறைத்தாரா? அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோன பாட்டை அன்றைக்குப் பாடவே இல்லை. 14 பாட்டில் 6 அடுத்தவர்கள் பாட்டு. சேனல் பெரிய நட்சத்திரங்களை எதிர்பார்க்க, அவர் மீட் பப்பெட்ஸ் என்ற சின்னக் குழுவின் சகோதரர்களைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தார். தனக்குப் பிடித்ததை இப்படிப் பிடிவாதமாகப் பாட மைதானத்துக் கூட்டம் விடுமா?

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். கடைசிப் பாட்டு. சிறையில் கிடந்து பாடிய கறுப்பினக் கலைஞர் லெட்பெல்லி பாடியது. பாடும் முன் கர்ட் சொல்கிறார்: லெட்பெல்லியின் கிட்டாரை ஐந்து லட்சம் டாலருக்கு எனக்கு விற்கப் பார்க்கிறார்கள். எவ்வளவு? ஐந்து லட்சம்! கையில் காசில்லாத பையன் கேட்கிற மாதிரி, அவர் நேரே போய் இசைத்தட்டு முதலாளி டேவிட் கெஃபனிடம், எனக்கு வாங்கித் தர முடியுமா என்று கேட்டாராம். உலகமே கொண்டாடும் பாடகர் ஐயா, தன் குருவின் கிட்டாருக்காக முதலாளியிடம் போய் நிற்கிறார்! சொல்லிவிட்டுப் பாடினார் பாருங்கள், தொண்டை கிழிகிறது, கடைசி வரியில் ஒரு நொடி கண்ணைத் திறந்து மூச்சு வாங்குகிறார். இன்னொரு பாட்டு பாடச் சொல்லிக் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார்.

அன்று அவர் மடியில் இருந்த கிட்டார் 2020-இல் ஏலத்தில் என்ன விலைக்குப் போனது தெரியுமா? 60 லட்சம் டாலர்! ஐந்து லட்சத்துக்கு ஆள் தேடியவரின் கிட்டார்!

அதைப் பார்க்க அவர் இல்லை. அன்றைக்கு வயது 26, ஐந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை, போய்விட்டார். மகளுக்கு அந்த நவம்பரில் ஒன்றேகால் வயது. அப்பா குரல் எப்படி இருக்கும், எதற்குச் சிரிப்பார் என்று அந்தக் குழந்தைக்கு என்ன நினைவிருக்கும்? மைதானத்து வீடியோவில் கத்தல் இருக்கும், ஆட்டம் இருக்கும், உடைத்த கிட்டார்கூட இருக்கும். பாட்டுக்கு நடுவே பேசுகிற, கதை சொல்கிற அப்பாவை அவள் எங்கே போய்ப் பார்ப்பாள்? அந்தச் சின்ன மேடையில்தான் ஐயா! அந்தப் பிள்ளையை நினைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.