டேம் ஓரமா டென்ட் போடறதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். மலைல இருக்கற நீர்த்தேக்கத்துப் பக்கத்துல ராத்திரி டென்ட் போட்டுத் தங்கணும்னா எப்படி பிளான் பண்றதுன்னு பேசச் சொன்னாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், நேரா மேட்டருக்கு வந்துடறேன்.

டேம்ல கரைங்கறது ஒரே இடத்துல நிக்காதுங்க. கரன்ட் எடுக்கவோ பாசனத்துக்கோ தண்ணி திறந்தா கரை கீழ இறங்கிடும், மேல எங்கயாவது மழை பெஞ்சா ராத்திரியோட ராத்திரியா ஏறிடும், நீங்க படுத்திருக்கற இடத்துல ஒரு தூறல்கூட இருக்காது, ஆனா தண்ணி டென்ட் பக்கத்துல வந்து நிக்கும், ஏன்னா அந்தத் தண்ணிய அனுப்புற மலை எங்கயோ தள்ளி இருக்கு. அதனால லீவு சொல்றது, வண்டி ஏற்பாடு பண்றது எல்லாத்துக்கும் முன்னாடி பாக்க வேண்டியது நீர்மட்டம். நிறைய டேம்ல தினமும் நீர்மட்டத்தை வெளியிடறாங்க. ஒரு நாள் அளவ மட்டும் பாத்து பிரயோஜனம் இல்ல, ஒரு வாரமா ஏறிட்டே வருதா இறங்கிட்டே வருதான்னு பாருங்க. அப்படியே அங்க தங்க அனுமதி உண்டா, யார்கிட்ட வாங்கணும்னும் விசாரிச்சுடுங்க, நிறைய இடத்துல தங்கவே விடமாட்டாங்க.

அங்க போய் இறங்கினதும் சுத்தி நல்லா பாருங்க. மரமும் செடியும் ஒரு மட்டத்தோட நின்னு போயிருக்கும், அதுக்குக் கீழ தண்ணி வரைக்கும் வெறும் மண்ணு, பட்டையா ஒரு வளையம் தெரியும். டேம் நிரம்பினா தண்ணி நிக்கற எல்லை அந்த மட்டம்தான், டென்ட் அதுக்கு மேலதான் இருக்கணும். இதுல பலபேர் ஏமாந்து போறாங்க, ஏன்னா அந்த வெறும் மண்ணு பாக்க சமமா, முள்ளு கல்லு இல்லாம, வெயில்ல காஞ்சு பாளம் பாளமா வெடிச்சு நல்லா கெட்டியா இருக்கற மாதிரி தெரியும். தண்ணிய நெருங்க நெருங்க அந்தப் பொருக்குக்கு அடியில வண்டல் சேறு, கால வச்சா முழங்கால் வரைக்கும் இறங்கும், கால உருவினா செருப்பு உள்ளயே தங்கிடும். குழந்தைங்கள அந்தப் பக்கம் தனியா விடவே விடாதீங்க.

அதே மாதிரி அணைக்குக் கீழ ஆத்துப் படுகைல, கூழாங்கல்லு காஞ்சு கிடக்குன்னு டென்ட் போடவே கூடாது. மதகு திறந்தா கொஞ்ச நேரத்துல அங்க ஆறு ஓடும். சைரன் ஊதுவாங்கதான், ஆனா தூக்கத்துல இருட்டுல பசங்களையும் பையையும் தூக்கிட்டு மேடேற எவ்வளவு நேரம் ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்து குளிரு. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரம் ஏறறப்பவும் சராசரியா ஆறரை டிகிரி வெப்பம் குறையும், இது நிறைய பேருக்குத் தெரியும். ராத்திரி என்ன ஆகுதுன்னா, குளிர்ந்த காத்து கனமா இருக்கறதால சரிவு வழியா வழிஞ்சு இறங்கி பள்ளத்துல, அதாவது தண்ணி ஓரத்துல வந்து தேங்கிடும், அதனால கரைய விட கொஞ்சம் மேட்டுல போட்டா குளிரும் குறையும், டென்ட் உள்பக்கம் ஈரம் கோத்து சொட்டறதும் குறையும். தண்ணில இருந்து 60 மீட்டராவது தள்ளி இருங்க, அது தண்ணிக்கும் நல்லது. ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அடியில மேட் இல்லன்னா தரை உடம்புச் சூட்ட உறிஞ்சிடும். குளிருதுன்னு டென்டுக்குள்ள ஸ்டவ்வோ கரியோ பத்த வைக்கவே வைக்காதீங்க, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

குளிக்கறது நீந்தறதுன்னா எனக்குக் கொஞ்சம் பயம்தான், அத மறைக்காம சொல்றேன். மேல தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், சில மீட்டர் கீழ உறைய வைக்கற குளிரு. அது ஒரு காலத்துல பள்ளத்தாக்கு, அதனால ரெண்டு அடி வச்சா சட்டுனு ஆழம், டேம் கட்டறப்ப வெட்டின மரத்தோட அடிக்கட்டைகூட உள்ள நிக்கலாம். மதகு பக்கமோ தண்ணி உறிஞ்சற இடத்துப் பக்கமோ போகவே போகாதீங்க, உள்ள இழுக்கறது மேல இருந்து பாத்தா தெரியாது.

குடிக்கற தண்ணிய கொதிக்க வைங்க, நல்லா தளதளன்னு கொதிச்சு ஒரு நிமிஷம், 2000 மீட்டருக்கு மேலன்னா மூணு நிமிஷம், ஏன்னா அங்க 93 டிகிரிலயே கொதிச்சுடும். ஆனா தண்ணி மேல பச்சை பெயின்ட் ஊத்தின மாதிரி படலம் இருந்தா அந்தத் தண்ணிய தொடவே தொடாதீங்க, அது நீலப்பச்சைப்பாசி, அதுல விஷம் இருக்கலாம், கொதிக்க வச்சாலும் அது போகாது. அவசரத்துக்கு ஒதுங்கறதுக்கும் தண்ணில இருந்து 60 மீட்டர் தள்ளி, 15லருந்து 20 சென்டிமீட்டர் குழி தோண்டி மூடிடுங்க, இதே தண்ணிய கீழ ஊர்ல ஜனங்க குடிக்கறாங்க.

மலை மடிப்புல சிக்னல் கிடைக்காம போகலாம். எந்த டேம், எந்தப் பக்கத்துக் கரை, என்னைக்கு எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு வீட்ல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, அந்த நேரம் தாண்டினா யாருக்கு போன் பண்ணணுங்கற நம்பரையும் சேத்து எழுதிடுங்க. நன்றி, வணக்கம்.